கைப்பேசிக்குத் தமிழ் தெரியும், தமிழனுக்குத்தான் தெரியவில்லை!

மகன் தொலைவூரில் வேலை பார்க்கிறான். தாய் பிறந்த ஊரிலேயே இருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள் அவள். நாளிதழை எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். பேருந்தின் பெயர்ப்பலகையைத் தொலைவிலிருந்தே படிப்பாள். மளிகைக் கணக்கைத் தன் கையாலேயே எழுதுவாள். ஒருநாள் மாலை அவளுடைய கைப்பேசிக்கு மகனிடமிருந்து செய்தி வருகிறது. 'அம்மா, புது மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பே உண்ண வேண்டும். மறந்துவிடாதே' என்பது செய்தி. சொல் அத்தனையும் தமிழ்; எழுத்து அத்தனையும் ஆங்கிலம்! தாய் கண்ணாடியை மாட்டிப் பார்க்கிறாள், திரையைக் கண்ணருகே கொணர்ந்து பார்க்கிறாள், ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த வீட்டுப் பள்ளிச் சிறுமி வரும்வரை காத்திருக்கிறாள். சிறுமி வந்து படித்துச் சொல்லும்போது சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

மகனுக்கும் தமிழ் தெரியும்; தாய்க்கும் தமிழ் தெரியும்; இருவர் கையிலும் உள்ள கருவிக்கும் தமிழ் தெரியும். இருந்தும் அந்தச் செய்தி தாயைச் சென்று சேரவில்லை. இடையில் நின்று மறித்தவன் யார்? வெள்ளையன் நாட்டைவிட்டுப் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தில்லிக்காரன் அந்த மகனின் விரலைப் பிடித்து எழுதவில்லை. மறித்தவன் தமிழனே, அவனுடைய மடியும் மானமின்மையுமே!

பழைய சாட்டு செத்துவிட்டது

ஒரு காலத்தில் அவன் சொன்ன சாட்டில் உண்மை இருந்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை. 1973-இல் நியூயார்க்குத் தெருவில் முதல் கைப்பேசி உரையாடல் நிகழ்ந்தது. 1995-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே இந்தியாவின் முதற் கைப்பேசி அழைப்பு நடந்தது. அக்கருவிகள் ஆங்கிலேயனுக்கும் ஐரோப்பியனுக்குமாக ஆக்கப்பெற்றவை. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறியிடங்களே அடங்கும். தமிழில் 'க' என்பதற்கு ஓர் இடம். 'கா' என்பதற்கு இரண்டு இடம். 'க்' என்பதற்கும் இரண்டு இடம். 'தமிழ்' என்று எழுதவே ஐந்து இடம் போய்விடும். ஒரு செய்திக்குரிய காசை இரண்டாகவும் மூன்றாகவும் கட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கட்டி அனுப்பினாலும், போய்ச் சேரும் கருவியில் தமிழ் எழுத்துக்கு மாறாக வெறுங்கட்டங்களே தோன்றின. அக்காலத்தில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியவனைக் குறை கூறுதல் முறையாகாது.

ஆனால் அக்குறையைக் கண்டு கைகட்டி நில்லாத தமிழரும் இருந்தனர். 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு 'தமிழ்99' என்னும் விசைப்பலகையைத் தந்தது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று 'செல்லினம்' என்னும் செயலியைச் சிங்கப்பூரில் வெளியிட்டார். கைப்பேசியில் தமிழில் எழுதவும் படிக்கவும் வழி திறந்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. 2013-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியிலேயே தமிழ் விசைப்பலகையை வைத்தது. ஆண்டிராய்டுக் கைப்பேசிகளோ இன்று விசைப்பலகை மட்டுமன்றி, முகப்பு முதல் எச்சரிக்கை வரை அனைத்தையும் தமிழிலேயே காட்டுகின்றன. புலனம் எனத் தமிழர் பெயரிட்ட 'வாட்சப்'பில் எழுத்துக்கு இத்தனை காசு என்னும் கணக்கே இல்லை. சாட்டு செத்துவிட்டது. அதன் பிணத்தைச் சுமந்துகொண்டு தமிழன் இன்னும் ஏன் திரிகிறான்?

26 எழுத்துக்குள் 247 அடங்குமா?

'எந்த எழுத்தில் எழுதினால் என்ன, பொருள் விளங்கினால் போதாதா?' என்று கேட்பவர் உண்டு. பொருள் விளங்குகிறதா என்பதையே முதலில் பார்க்கலாம். மனமும் மணமும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. கலையும் களையும் ஒன்றாகிவிடுகின்றன. அரமும் அறமும் ஒன்றாகிவிடுகின்றன. படமும் பாடமும், கல்லும் கள்ளும், பல்லியும் பள்ளியும் வேறுபாடின்றிக் குழம்புகின்றன. ழகரத்தை ஒருவன் ஒருவகையாகவும் இன்னொருவன் வேறுவகையாகவும் எழுதுகிறான். மூன்றாமவன் லகரமாகவே எழுதி, அப்படியே ஒலிக்கவும் தலைப்படுகிறான். குறிலும் நெடிலும் ஒழிந்தன. ண, ந, ன ஒழிந்தன. ல, ள, ழ ஒழிந்தன. ர, ற ஒழிந்தன. எஞ்சியது என்ன? தமிழின் நிழல்!

பெரியவர்கள் தமிழ் எழுத்தைக் கற்ற பின்னரே இக்கேட்டுக்கு ஆளானவர்கள். அவர்கள் மறந்தாலும் மீண்டும் நினைவுகொள்வர். இன்றைய பிள்ளைகளின் நிலை வேறு. ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழைத் தேர்வுக்காக மட்டும் எழுதி, வீட்டிலும் கைப்பேசியிலும் ஆங்கில எழுத்திலேயே தமிழைக் காண்கின்ற பிள்ளைக்குத் தமிழெழுத்து எப்போது பழகும்? துருக்கியில் 1928-இல் அரசு சட்டம் இயற்றி, அரபு எழுத்தை நீக்கி உரோமன் எழுத்தைப் புகுத்தியது. அதன் விளைவாக இன்றைய துருக்கியன் தன் பாட்டனார் எழுதிய மடலைத் தனியே பயின்றாலன்றிப் படிக்க இயலாதவனாகிவிட்டான். அங்கே அரசின் ஆணை அதைச் செய்தது. தமிழ்நாட்டிலோ ஆணையுமில்லை, சட்டமுமில்லை. தமிழன் தானே தன் கட்டைவிரலால் அதைச் செய்துகொண்டிருக்கிறான்.

இதைவிட நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2010-இல் தமிழ் ஒருங்குறிக்குள் 26 கிரந்த எழுத்துகளை நுழைக்க ஒரு முன்மொழிவு எழுந்தது. தமிழறிஞர் கொதித்தெழுந்தனர், இயக்கங்கள் எதிர்த்தன, தமிழக அரசும் தடுத்துரைத்தது, தமிழ் எழுத்தின் இடம் காக்கப்பெற்றது. நல்லது. ஆனால் அன்று கிரந்தத்தை எதிர்த்து முழங்கியவர்களுள் எத்தனை பேர் இன்று தம் கைப்பேசியில் 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர்? 26 கிரந்த எழுத்தை வாயிலில் தடுத்துவிட்டு, 26 ஆங்கில எழுத்தை நடுவீட்டில் அமர்த்தி விருந்து வைப்பதுதான் தமிழ்ப்பற்றா? மேடையில் தனித்தமிழ், கைப்பேசியில் தனியாங்கிலம் என்பது எந்தக் கொள்கையின்பாற் படும்?

தில்லியின் கணக்கு

தமிழன் இவ்வாறு உறங்கும்போது தில்லி உறங்கவில்லை. 2016-இல் இந்தியத் தர அமைவனம் கைப்பேசிகளின் மொழி ஏந்துக்கென ஒரு வரைமுறை வகுத்தது. அதன்படி, விற்பனைக்கு வரும் கைப்பேசி 22 மொழிகளையும் படிக்கத்தக்க வகையில் காட்டுதல் வேண்டும். எழுதுவதற்கோ ஆங்கிலமும் இந்தியும் கட்டாயம். அவற்றோடு வேறு ஏதேனும் ஒரு மொழி இருந்தால் போதும். அதாவது, தமிழ்நாட்டில் விற்கும் கைப்பேசியில் எழுதுவதற்குத் தமிழ் இல்லாவிடினும் குற்றமில்லை. இந்தி இல்லாவிடின் குற்றம்! தெருப்பலகையில் வந்த இந்தியைத் தார்பூசி அழித்த தமிழர், சட்டைப்பையில் வந்த இந்தியைக் கண்டாரில்லை.

இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் இருக்கிறதெனில் அது தில்லியின் கொடையன்று. விற்பனை நோக்கத்தால் நிறுவனங்கள் வைத்தது. நிறுவனங்களுக்கு மொழிப்பற்று கிடையாது. அவை தலையெண்ணிப் பார்ப்பவை. எத்தனை பேர் தமிழைத் தேர்ந்து வைத்திருக்கின்றனர், எத்தனை பேர் தமிழில் எழுதுகின்றனர் என்பதே அவற்றின் கணக்கு. தமிழ் இருந்தும் அதைத் தொடாதவன், 'இங்குத் தமிழ் வேண்டுவதில்லை' என்று நாள்தோறும் அந்நிறுவனங்களுக்கு ஒப்போலை இடுகிறான்.

ஒருநாள் வாழ்வில் ஒரு கருவி

தமிழன் தன் கைப்பேசியை எதற்குப் பயன்படுத்துகிறான்? பேசுகிறான், திரைப்படத் துணுக்குப் பார்க்கிறான், வந்த வெற்றுச் செய்தியைப் படிக்காமலே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறான். பல்லாயிரம் உருபா கொடுத்து வாங்கிய கருவியில் இம்மூன்றுக்கு மேல் அவனுக்கு வேலையில்லை. காலை முதல் இரவு வரை அது தமிழ்க்குடும்பத்துக்கு என்னென்ன செய்ய வல்லது என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதற்பணி, கருவியின் மொழியையே மாற்றுதல். அமைப்புகள் பகுதியில் மொழி என்னுமிடத்தில் தமிழைத் தேர்ந்தால், கருவி முழுதும் தமிழாகிவிடுகிறது. ஒரு மணித்துளி வேலை இது. அடுத்தது பெயர்ப்பட்டியல். அப்பா, அத்தை, மருத்துவர், மின்பழுது பார்ப்பவர், பால்காரர் என்று ஒவ்வொரு பெயரையும் தமிழில் பதிந்துவைத்தால், மணி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் தமிழ் தோன்றும். வீட்டிலுள்ள சிறு பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்கும். காசில்லாத திண்ணைப்பள்ளி அது!

கடைக்குப் போகுமுன் துவரம்பருப்பு, நல்லெண்ணெய், புளி என்று குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். வாங்கியதை வாங்கியதாகக் குறித்து நீக்கலாம். அன்றாட வரவு செலவைத் திங்கள்வாரியாக எழுதிவைக்கலாம். மருந்துண்ணும் வேளை, மின்கட்டணம் கட்டும் நாள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி நினைவூட்டலாக வைத்தால், அந்நாளில் அவ்வேளையில் கைப்பேசியே மணியடித்துத் தமிழில் சொல்லும். மேற்கூறிய தாய்க்கு மகன் செய்திருக்க வேண்டியது இதுவே. ஊருக்கு வந்தபோது ஒருமுறை அவள் கைப்பேசியில் இதை அமைத்திருந்தால் நாள்தோறும் செய்தி அனுப்ப வேண்டியதே இல்லை.

எழுதத் தெரியாத முதியவர்க்கும் வழி உண்டு. விசைப்பலகையிலுள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிறது. கண் மங்கியவர்க்கும் பார்வையற்றவர்க்கும் திரையிலுள்ள தமிழைக் கைப்பேசி வாய்விட்டுப் படித்துக்காட்டுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட மருந்துத்தாளையோ வைப்பகத் தாளையோ படமெடுத்தால், எழுத்தைப் பிரித்தெடுத்துத் தமிழாக்கிக் காட்டும் செயலிகள் உள்ளன. அத்தமிழாக்கத்தில் பிழை வருவதுண்டு. ஆதலால் மருந்தின் அளவை மருத்துவரிடமே உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். எனினும் ஒன்றும் விளங்காமல் கைந்நாட்டு வைப்பதினும், ஓரளவு விளங்கிக்கொண்டு கேள்வி கேட்பது மேலன்றோ?

பேருந்தில் ஒரு மணி நேரம் சும்மா அமர்ந்திருப்பவன் கையில் ஒரு நூலகமே இருக்கிறது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் கழக நூல்கள் முதல் இக்கால நூல்கள் வரை விலையின்றித் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பாவாணர் நூல்களை அமர்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை நூறாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. சம்பளம் பெறாத தமிழ்த்தொண்டர்கள் எழுதியவை அவை. பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி 31 பகுதிகளாக நிறைவுற்றது. ஒரு சொல் தமிழா அயலா என்று ஐயுறும்போது அவ்வகரமுதலியை நாடி நூலகத்துக்கு நடக்க வேண்டியதில்லை. கையிலுள்ள கருவியிலேயே பார்க்கலாம். ஒரு சொல்லின் வேர்காணப் பாவாணர் எத்தனை நூல்களைப் புரட்டியிருப்பார், எத்தனை இரவு விழித்திருப்பார்! அவ்வுழைப்பின் பயன் விரல்நுனியில் கிடக்க, விரலோ திரைப்பட நடிகையின் படத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது.

இன்னுமொரு பணி உண்டு. அதைச் செய்ய இனி நெடுங்காலம் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் பழைய உழவர், தச்சர், குயவர், நெசவாளர், மீனவர் வாயில் அச்சேறாத தமிழ்ச்சொற்கள் வாழ்கின்றன. ஏரின் உறுப்புக்கும் தறியின் உறுப்புக்கும் வலையின் வகைக்கும் காற்றின் வகைக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் எந்தப் பேராசிரியரும் ஆக்கியவையல்ல. அம்முதியவர் ஒருவர் மறையுந்தோறும் ஓர் அகரமுதலி எரிகிறது. கைப்பேசியின் ஒலிப்பதிவை இயக்கி, பாட்டியின் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து, இதற்கென்ன பெயர், அதற்கென்ன பெயர் என்று கேட்டுப் பதிந்து, ஊரும் நாளும் குறித்து வைப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. பேரன் என்னும் உறவே போதும்.

கடினம் என்பவர்க்கு

'தமிழில் தட்டுவது கடினம். நேரம் பிடிக்கிறது' என்பது மடியரின் கடைசிக் கோட்டை. அதையும் எண்ணிப் பார்த்துவிடலாம். தமிழ்99 முறையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இணைகளிலும் புள்ளி தானே விழும். 'வணக்கம்' எழுத ஆறு தட்டு. ஆங்கில எழுத்தில் எட்டு. 'நன்றி' எழுத நான்கு தட்டு. ஆங்கில எழுத்தில் ஆறு. 'அம்மா' எழுத இரண்டிலும் நான்கே தட்டு. எது கடினம்? எதற்கு நேரம் மிகுதி? ஒரு கிழமை பழகினால் விரல் தானே ஓடும். புதுக்கைப்பேசியின் விளையாட்டை ஒரே இரவில் கற்கும் கைக்கு இது கல்லாதாம்!

'தமிழ்ச் சொற்கள் விளங்கவில்லை' என்பது அடுத்த சாட்டு. அமைப்புகள், தொடர்புகள், அறிவிப்புகள் என்பன விளங்கவில்லையாம். அவற்றுக்கு ஆங்கிலச் சொற்கள் மட்டும் தாய்ப்பாலோடு வந்தனவா? பத்துமுறை பார்த்ததால் ஆங்கிலம் பழகியது. பத்துமுறை பார்த்தால் தமிழும் பழகும். கருவியின் தமிழில் வடசொற்கலப்பும் பிழையும் உண்டு என்பது உண்மையே. அதற்கு மருந்து ஆங்கிலத்துக்கு ஓடுவதன்று. விசைப்பலகை தன்னில் எழுதப்பெறும் சொற்களைக் கற்றுக்கொண்டு, அவற்றையே மறுமுறை எடுத்து நீட்டுகிறது. தூயதமிழில் எழுதுபவனுக்குத் தூயதமிழை நீட்டுகிறது; கலப்படமாக எழுதுபவனுக்குக் கலப்படத்தை நீட்டுகிறது. 1916-இல் மறைமலையடிகள் தம் பெயரிலிருந்தே தனித்தமிழைத் தொடங்கினார். இன்றைய தமிழன் தன் கைப்பேசியின் பெயர்ப்பட்டியலிலிருந்தாவது தொடங்கலாகாதா?

இன்றிரவே

இதற்கு மாநாடு வேண்டுவதில்லை, தீர்மானம் வேண்டுவதில்லை, தண்டல் வேண்டுவதில்லை. இவ்விதழைப் படித்து முடித்த தமிழர் ஒவ்வொருவரும் இன்றிரவே தம் கைப்பேசியின் மொழியைத் தமிழாக்குக! பெயர்ப்பட்டியலில் பத்துப் பெயரையேனும் தமிழில் மாற்றுக! ஆங்கில எழுத்தில் வரும் தமிழ்ச் செய்திக்குத் தமிழெழுத்திலேயே மறுமொழி விடுக்க! நாளை, எழுதத் தெரியாத முதியவர் ஒருவர்க்குக் குரலால் எழுதக் கற்பிக்க! இக்கிழமைக்குள் மூத்தோர் ஒருவரின் சொற்களைப் பதிந்து வைக்க!

முதன்மையாக, அந்த மகன் தன் தாய்க்கு ஒரே ஒரு செய்தியைத் தமிழெழுத்தில் அனுப்புக! அதைப் படிக்க அவள் அடுத்த வீட்டுச் சிறுமிக்காகக் காத்திருக்கமாட்டாள். படித்துவிட்டு, அவளே தன் விரலால் மறுமொழியும் எழுதுவாள்.